ஆழ்கடல் கடிகாரம்

முந்நூறு மீட்டர் ஆழத்தையும் தாங்கும் அந்தக் கைக்கடிகாரத்தை ரத்னவேல் கை கழுவும்போதுகூடக் கழற்றிவிடுவார். அன்று கடலில் குளிக்கப் போனபோதும் கரையில் துண்டின்மேல் வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

நண்டு ஒன்று வந்து எட்டிப் பார்த்தது.

"கடலுக்குள்ளே எப்படி இருக்கும்?" என்று கேட்டது கடிகாரம்.

"போகப் போகத் தண்ணீர் உடம்பை அமுக்கும். நீ தாங்கமாட்டாய்."

"தாங்குவேன். என் கண்ணாடி தடிமன். பின்மூடியை ரப்பர் வளையம் வைத்துத் திருகியிருக்கிறார்கள். ஒரு சொட்டு நுழையாது. என்னைக் கூட்டிப்போகிறாயா?"

நண்டு வாரைக் கவ்வி இழுத்தது. முதல் அலை மேலே ஏறியதும் கடிகாரம் சிலிர்த்துப்போனது.

"இன்னும் கொஞ்சம்!"

அதற்குள் ரத்னவேல் ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். "நல்லவேளை, கெட்டுப்போயிருக்கும்!" என்று துடைத்தவர், வீட்டுக்குப் போனதும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

உள்ளே ஒரே இருட்டு. கடலடியில் தெரிவதற்காக முட்களில் பூசியிருந்த பச்சை மெல்ல ஒளிர்ந்தது.

"நண்டே, வந்துவிட்டோமா?" என்றது கடிகாரம்.