திரும்பாத மூலை

"கண்ணு தெரியலையாடா உனக்கு? நாலு மூலையிலயும் நெல்லு அப்படியே நிக்குது!"

வல்லம் வடகாலில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கம்பெனி மதில்தான். நடுவில் மிஞ்சியிருக்கும் அந்த ஒரு வயலில் நின்று ஏசுவடியான் போட்ட சத்தத்தில், ஷிப்ட் பஸ்ஸில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அறுவடை மெஷின் ஓட்டும் அருள்பாண்டி தலையைச் சொறிந்தான்.

"மூலையில மெஷின் திரும்பலை அண்ணாச்சி."

"திரும்பலையாம்! நாளைக்கு உழவு. இதை அறுக்கறதுக்கு எவனுக்குக் கூலி குடுக்கறது?" என்றவர், வரப்பில் நின்ற ரத்னாவைப் பார்த்தார். "ஏம்மா, சும்மாதானே கீறே? அறுத்து எடுத்துக்கினு போ. கூலி கீலின்னு வராதே."

டீ கொண்டு வந்த ஷாரோனுக்கு மாமனாரின் பேச்சைக் கேட்டுப் பற்றிக்கொண்டு வந்தது.

ரத்னா யாரோ எவரோ இல்லை. அவருடைய செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி. காண்ட்ராக்ட் வேலையும் போய், பெண் கனிஷ்காவோடு தனியாகக் கிடக்கிறாள். இந்த வருஷச் சோற்றுக்கு வழி பிறக்காவிட்டால் அம்மா வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போன வாரம் ஷாரோன் அரிசிப் பையோடு போனாள். ரத்னா வாசலிலேயே திருப்பிவிட்டாள். "உன் மனசு பெருசுதான் ஷாரோனு. ஆனா கையேந்தி எம் பொண்ணை வளக்க மாட்டேன்."

தினமும் குடும்ப ஜெபத்தில், விதவை, திக்கற்ற பிள்ளை என்று வேதத்தில் வரும் இடமெல்லாம் மாமா நிறுத்தி இரண்டு தடவை வாசிப்பார். வயலுக்கு வந்தால் இப்படி!

ரத்னா முந்தானையை இழுத்துச் செருகினாள். "கூலி வேணாம் மாமா. ஆனா அறுத்ததெல்லாம் எனுது. அப்பால பங்குன்னு வந்தீங்க, அவ்ளோதான்!"

"தூக்கிக்கினு போ தாயே. எடம் காலியானா சரி."

ஷாரோன் டீயை அருள்பாண்டியிடம் நீட்டினாள். "ஏண்ணே, இவ்ளோ பெரிய மூலையையா வுடுவாங்க? வண்டி ஓட்டத் தெரியாதா உங்களுக்கு?"

"எனக்கா தெரியாது?" அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "காலையிலயே அண்ணாச்சி மூலைக்கு மூலை குச்சி நட்டுட்டாவ. 'இதைத் தாண்டி மெஷினை விட்ராத. நான் வைவேன், வாங்கிக்கோ'ன்னு என்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டாவ."

"எதுக்குண்ணே?"

"வயலோரத்தை வழிச்சு அறுக்காதே, ஏழைக்கு விடுன்னு உங்க வேதத்துல இருக்காம்லா. 'தம்பி பொண்டாட்டி குடுத்தா வாங்க மாட்டா, அவளே அறுத்தாத்தான் தலை நிமிந்து திம்பா'ன்னாவ. யார்ட்டயும் சொல்லிராதீய தாயி."

ஷாரோன் திரும்பிப் பார்த்தாள். மாமா இந்தப் பக்கமே பார்க்காமல், போனில் டிராக்டர்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் வீட்டு மருமகள் நான் என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது.

வெயில் தாழ்ந்தபோது ரத்னா கட்டுக் கட்டாக அறுத்துப் போட்டிருந்தாள். வரப்பில் முப்பிடாதி, இடுப்புக் குழந்தையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். தெற்கேயிருந்து பிழைக்க வந்து வாடகை ரூமில் இருக்கிறவள். கம்பெனியில் கை நசுங்கியதிலிருந்து புருஷனுக்கு வேலையில்லை.

ஷாரோன் கடைசி மூலையைப் பார்த்தாள். பாதிக் கதிர் அப்படியே நின்றது.

"சின்னத்தை, இதை அறுக்காம வுட்டுட்டீங்களே?"

ரத்னா அரிவாளை முப்பிடாதியின் காலடியில், வரப்பு மண்ணில் குத்தி நிறுத்தினாள். கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சலித்துக்கொண்டாள்.

"இன்னா பண்றது ஷாரோனு... அந்த மூலையில அருவா திரும்பலை!"