பூட்டிக் கிடந்த நகல்

பலரும் பங்குபோட்டுக்கொண்ட ஒரு சர்வரில், ஒரே ஃபோல்டருக்குள் இரண்டு கோப்புகள் குடியிருந்தன. ஒன்று, இரத்தம் கொடுப்பவர்களின் போன் நம்பர் பட்டியல். இன்னொன்று, அதன் நகல்.

பட்டியலில் தன்னார்வலர் குழு எழுதலாம். நகலைப் படிக்கலாம், ஒரு புள்ளிகூட வைக்க முடியாது.

"பட்டியல்மேல் தினமும் நாலு கை படுகிறது. நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்? அம்மா பொற்கொடி, என்னையும் திறந்துவிடு!" என்று நகல் அட்மினிடம் கெஞ்சாத நாளில்லை.

ஒருநாள், புதிதாக வந்த தன்னார்வலரால் பட்டியலில் எழுத முடியவில்லை. அவரைக் குழுவில் சேர்த்திருந்தால் போதும். பொற்கொடியோ சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று பட்டியலைத் திறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பக்கத்து ஃபோல்டரிலிருந்து எவனோ நுழைந்தான். நம்பர்களையெல்லாம் அழித்து, லாட்டரி விளம்பரம் எழுதினான். நகலிலும் கைவைத்துப் பார்த்தான். நடக்கவில்லை.

அன்று மதியமே ஒரு பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் கேட்டு வந்தார்கள். பொற்கொடி பதறிப்போய், நகலிலிருந்த நம்பர்களை எடுத்துப் பட்டியலை நிரப்பினாள். இரத்தம் கிடைத்தது. புதியவரைக் குழுவில் சேர்த்து, பட்டியலைப் பழையபடி மூடினாள்.

"நீ நன்றாக இருக்க வேண்டும்" என்று பட்டியல் தழுதழுத்தது.

"எனக்கு எதற்கு நன்றி? பூட்டியது அவள்" என்றது நகல். "திறந்துவிடு, திறந்துவிடு என்று தினமும் கத்தினேனே. நல்லவேளை, அவளுக்கு என் குரல் கேட்கவில்லை."