வெளியாள் கை வைக்கக் கூடாது

"அதெல்லாம் வேண்டாம்மா. எங்க வீட்டிலேயே மெக்கானிக் இருக்கார்" என்றார் பல் டாக்டர்.

ஒரே ஒருத்தர் ஓட்டிய செகண்ட் ஹேண்ட் கார். புதுசு மாதிரியே மினுமினுத்தது. விலை பேசி, பேர் மாற்றுவது வரைக்கும் எல்லாம் முடிந்துவிட்டது. ஷோரூம் பெண் எக்ஸ்டெண்டட் வாரன்டி என்று பேச்சை எடுத்ததும்தான் டாக்டர் முறுக்கிக்கொண்டார்.

வீட்டு மெக்கானிக் என்று அவர் சொன்னது மனைவியின் அண்ணனை. பழைய காரை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்த புண்ணியவான். மற்ற நாளெல்லாம் தன் பட்டறையில் கார்களுக்கு அடியில் கிடப்பார். லீவு நாளில் டாக்டர் வீட்டுக் காருக்கு அடியில் கிடப்பார். வேலை முடிந்து எண்ணெய்ச் சட்டையோடு உள்ளே வந்தால், சோபாவில் பழைய பேப்பர் விரித்து உட்கார வைப்பார்கள். கூலி என்ற பேச்சே கிடையாது. மச்சானுக்குக் காசு கொடுத்தால் அவரை அவமானப்படுத்தின மாதிரி ஆகிவிடும் என்று டாக்டர் தானாகவே ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஷோரூம் பெண் விடுவதாக இல்லை. கம்பெனி வாரன்டி அடுத்த மாதத்தோடு முடிகிறது, இப்போதே நீட்டித்துவிட்டால் இன்ஜின் போனாலும் கியர்பாக்ஸ் போனாலும் கவலை இல்லை என்றாள். நல்ல பெண், உள்ளதையும் மறைக்காமல் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு சார். எங்க சர்வீஸ் சென்டர்லதான் வண்டிய விடணும். வெளியாள் கை வெச்சா வாரன்டி செல்லாது."

"கேட்டியா? உங்க அண்ணனே தொடக் கூடாதாம்" என்று டாக்டர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனாள். திரும்பி வந்தவள், எதுக்கும் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றாள்.

நல்ல யோசனை. மச்சான் இந்தப் பெண்ணை ஒரு வழி பண்ணிவிடுவார் என்று டாக்டர் போனை ஸ்பீக்கரிலேயே போட்டார்.

"வாங்கிடுங்க மாப்பிள்ளை" என்றது போன்.

டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"இந்த வண்டியில எல்லாமே கம்ப்யூட்டர். எனக்குப் பிடிபடாது. அவங்ககிட்டயே விட்டுடறதுதான் நல்லது."

குரல் கொழகொழவென்று வந்தது. வாயில் எதையோ போட்டுக் குதப்பிக்கொண்டே பதில் சொல்கிறார்! டாக்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊரில் உள்ள வண்டியை எல்லாம் பிரித்து மாட்டுகிற மனுஷனுக்கு இது ஒன்று மட்டும் பிடிபடாதாம். அதையும் தின்றுகொண்டே சொல்வாராம்.

மனைவி அண்ணனுக்குப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், அவள் ஒரு படி மேலே போனாள். கூடப்பிறந்தவன் என்று பேர்தான், நமக்காக ஒரு நாள் உடம்பை வளைக்க வலிக்கிறது, பட்டறையில் நாலு பேர் வர ஆரம்பித்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பொரிந்து தள்ளினாள். ஷோரூம் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அவன் தயவு நமக்கு எதுக்குங்க? போடுங்க கையெழுத்தை. நமக்கும் ரோஷம்னு ஒண்ணு இருக்குல்ல?"

ரோஷத்தில் டாக்டர் யாருக்கும் இளைத்தவர் இல்லை. போட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே புலம்பல். சொந்தம் என்றாலே இப்படித்தான் என்று ஆரம்பித்து, போன வாரம் கல்யாண வீட்டில் நடந்ததற்குப் போய்விட்டார். சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பி, ஒரு தூரத்துச் சித்தப்பா வாயைப் பிளந்து காட்டினாராம். செல்போன் லைட்டையும் அவரே அடித்துக்கொண்டாராம்.

"ஓசின்னா ஒரு அளவு வேண்டாமா? அடுத்தவன் உழைப்புக்கு மரியாதையே கிடையாதா?"

"ஆமாங்க. ரொம்பத் தப்பு" என்றாள் மனைவி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து தண்ணீர் எடுக்கப் போன டாக்டர், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கை ஈரம் என்பதால் போன் மேடையில் ஸ்பீக்கரில் இருந்தது.

"முகம் கழுவப் போன சாக்குல நான் போன்ல சொல்லிக்கொடுத்த மாதிரியே நீ பேசின. நான்தான் உன் மானத்தைக் கப்பலேத்திட்டேண்ணா, மனசுல வெச்சுக்காத. அப்படித் திட்டலைன்னா அவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். உனக்குன்னு கிடைக்கிறதே ஒரு நாள். அதுலயும் எங்க காருக்கு அடியில கிடக்கறதைப் பார்க்க எனக்குத் தாங்கல. இனிமே லீவுக்கு நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு விருந்தாளியா வா. நீயே ஆசைப்பட்டாலும் வண்டியில கை வைக்க முடியாது."

போன் சிரித்தது. அதே கொழகொழச் சிரிப்பு.

"அப்பவே கேட்கணும்னு நினைச்சேன். ஏண்ணா பேச்சு ஒரு மாதிரி இருக்கு?"

"கடைவாய்ப் பல்லும்மா. ரொம்ப நாளா படுத்திக்கிட்டு இருந்துது. காலையிலதான் பிடுங்கிட்டு வந்தேன். பஞ்சு வெச்சிருந்தாங்க, இன்னும் மரமரப்பு போகல."

டாக்டரின் கை தன்னையறியாமல் வாயைப் பொத்திக்கொண்டது.

"எங்க போய்ப் பிடுங்கின? வீட்டிலேயே பல் டாக்டர் இருக்கும்போது?"

"எங்க பட்டறைக்கு எதிர்ல ஒருத்தர் இருக்கார், அவர்கிட்டதான். மாப்பிள்ளைகிட்ட போனா காசு வாங்க மாட்டார்மா. சொந்தம்னு சொல்லி அவர் உழைப்பை ஓசியில வாங்கறது தப்பில்லையா?"