கரை கலைந்த உதடு

உதட்டுப் பென்சிலுக்குத் தன் கோட்டின் மேல் அப்படியொரு பெருமை. அன்றும் ரெஜினாவின் உதட்டைச் சுற்றிப் பிசிறில்லாமல் கரை கட்டியது. அதற்குள் லிப்ஸ்டிக் வந்து நிறைந்தது. கடைசியில் வந்த பஞ்சுக்குச்சியோ அந்தக் கரையையே மெல்லத் தேய்த்துக் கலைத்தது.

"அடப்பாவி, கெடுத்துட்டியே!" என்று பென்சில் அலறியது.

"ஒரே ஒரு தடவை உழைச்சிட்டுப் போறவன்ண்ணே நான். கெடுக்கவா வருவேன்? கண்ணாடியைப் பாருங்க."

பென்சில் பார்த்தது. கோட்டையே காணோம். அப்போதுதான் மாதுளை தின்றவள் போல, சிவப்பு ஓரங்களில் கசிந்து, ரெஜினா அத்தனை அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பென்சில் திரும்புவதற்குள், தலை சிவந்த பஞ்சுக்குச்சி குப்பைக்கூடைக்குப் போய்விட்டது.

மறுநாள் ஷார்ப்னரிடம் பென்சில் தயங்கித் தயங்கிச் சொன்னது: "இன்னைக்குக் கூர் கொஞ்சம் மழுங்கலாவே இருக்கட்டும்ப்பா."