கையில் ஏந்திய பாதம்

“வேதத்துல ‘நீங்க போற இடத்துக்கு நானும் வருவேன்’னு மாமியார் பின்னாடியே ஊரை விட்டுப் போன மருமகளைப் பத்தித்தானே ஞாயித்துக்கிழமை பிரசங்கம்? உனக்குச் சுருக்குன்னு இருந்திருக்குமே” என்று வரும் வழியில் மாமியார் சவேதா கேட்டிருந்தாள்.

“எனக்கென்ன அத்தை? டோரலைக் கட்டிக்கிட்டு சுசாவா டவுனுக்குப் போன்னு சொன்னதே நீங்கதானே” என்றாள் தபிதா.

“சொன்னேன்தான். எம் மகன் கண்ணை மூடியாச்சு. நீ எத்தனை நாளைக்கு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருப்ப?”

இப்போது ஜெபவீட்டின் பக்கத்து அறையில் அதே சவேதா தபிதாவின் முன்னால் முழங்காலிடுகிறாள். பெரிய வியாழக்கிழமை மாலை. இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பெண்கள் இரண்டிரண்டு பேராக ஒருவர் காலை ஒருவர் கழுவுகிறார்கள். சவேதாவுக்கு முழங்கால் வலி. பிடித்துவிடப் போனால்கூட மருமகளின் கையைத் தட்டிவிடுகிறவள். ஜன்னல் வெயில் எனாமல் பேசின் தண்ணீரில் விழுந்து கூரையில் நடுங்குகிறது. தபிதாவின் காலில் மண்வெட்டி பட்ட பழைய தழும்பின் மேல் அந்தச் சொரசொரப்பான விரல்கள், பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் மெதுவாகப் போகின்றன. சுற்றிலும் பாடுகிறவர்களின் குரல் தபிதாவுக்கு எங்கோ தூரத்தில் கேட்கிறது. இது தன் கால்தானா என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறாள். இடுப்பில் கட்டிய துவாலையால் ஈரத்தை ஒற்றி முடித்த பிறகும் சவேதா காலை விடவில்லை. இரண்டு கையாலும் ஏந்தியிருக்கிறாள். தலை நிமிரவில்லை.

“நீ போற இடத்துக்கு நானும் வரட்டுமாடி?” என்கிறாள்.