மெல்லத் தட்ட மறுத்தவள்

கறம்பக்குடி மைதானத்தில் சாயங்கால வெயில் சுண்ணாம்புக் கோடுகளின் மேல் பளீரென்று அடிக்கிறது. பேஸ்பால் மட்டையோடு நிற்கிறாள் சத்யபிரியா. முதல் பேஸில் வனிதா ஓடத் தயாராய்க் குனிந்திருக்கிறாள். கோட்டுக்கு வெளியே கோச் ஜெரால்டு தொப்பியைத் தொட்டுக் காதைத் திருகுகிறார். பந்தை மெல்லத் தட்டிவிட்டு நீ அவுட்டாகு, அதற்குள் வனிதா அடுத்த பேஸுக்குப் போகட்டும் என்று அர்த்தம். சத்யபிரியா மாட்டேன் என்று தலையாட்டுகிறாள். இந்த வருஷத்து ஆட்டங்களையெல்லாம் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தவள் அவள். அப்படித் தட்டிவிட்ட நேரங்களில் ரன் குறைந்துதான் போயிருக்கிறது. "ஏய், கால்குலேட்டரக் கீழ வச்சிட்டுத் தட்டுடி!" என்று பெஞ்சிலிருந்து பிரகதீஸ்வரி கத்த, சிரிப்பு கிளம்புகிறது. "தட்டலேன்னா மாவட்ட டீம்ல ஒனக்கு எடமில்ல, பாத்துக்க!" கோச்சின் குரலில் சிரிப்பே இல்லை.

அவள் மட்டையைத் தோளுக்கு மேல் உயர்த்துகிறாள். பந்து வருகிறது. முழு வீச்சு! டங்கென்ற சத்தத்தோடு பந்து வெயிலுக்குள் ஏறி மறைந்து, புழுதி பறக்க ஓடிவரும் எதிரணிக்காரியின் கையுறைக்குள் சொத்தென்று விழுகிறது. அவுட். வனிதா நின்ற இடத்திலேயே நிற்கிறாள். ஜெரால்டு தொப்பியைக் கழற்றித் தரையில் அடிக்கிறார். "இப்ப என்னா சொல்லுது ஒன் கணக்கு?" சத்யபிரியா மூச்சு வாங்க அவர் எதிரில் வந்து நிற்கிறாள். கண் கலங்கவில்லை.

"அதேதான் சார் சொல்லுது. ஒரு கேட்ச்சுல கணக்கு மாறிப்போகாது. என்னயத் தூக்குறதுன்னா தூக்குங்க. மட்டை கையில இருந்தா, அடுத்த தடவையும் ஓங்கித்தான் அடிப்பேன்."