துண்டு விழுந்த சீட்

பஸ் இன்னும் நிற்கவே இல்லை. அதற்குள் பாதி ஜன்னல்களில் துண்டு விழுந்துவிட்டது.

அவர் கை தானாகத் தோளுக்குப் போனது.

தோளில் துண்டு இல்லை.

அது மனைவி பாவாயியின் தலையில் இருந்தது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காட்பாடி ஸ்டேஷனில் அவரே எடுத்துக் கொடுத்தது. சேலைத் தலைப்பு வழுக்கி வழுக்கி விழ, ஒவ்வொரு தடவையும் அவள் பதறி இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"இந்தா புள்ள, இதக் கட்டிக்க."

இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மருந்து ஏற ஏற அவளுக்கு முடி கொத்துக் கொத்தாகப் போயிருந்தது. வியாதி வந்ததற்குக்கூட அழாதவள் முடி போனதற்கு அழுதாள். தூங்கும்போதும் தலையில் துணி. கட்டிய புருஷனுக்கே இன்னும் காட்டவில்லை.

ரயில் ஜோலார்பேட்டைக்கு முன்னால் பொட்டல் காட்டில் நின்றது. ஏன் நின்றது என்று கேட்க ஆளில்லை. பொதுப் பெட்டியில் அவளுக்கு ஓர் ஓரம் கிடைத்தது. அவர் கதவருகே நின்றே வந்தார். சேலத்தில் இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் ஏறினால், அது பாதி வழியில் பஞ்சர். மிச்சத்தை நடந்தார்கள். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். அவருடைய அந்தக் கால் இப்போது வீங்கிச் செருப்புக்குள் அடங்க மாட்டேன் என்கிறது.

இனி பூலாம்பட்டிக்கு இந்த பஸ். அங்கிருந்து காவேரியைத் தாண்டப் படகு. அக்கரையில் வீடு.

இருட்டிவிட்டால் படகு கிடையாது.

அந்தப் படகை நினைத்துத்தான் அவள் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள். ரயிலில் யாருக்கு யாரைத் தெரியும்? படகில் இருப்பதெல்லாம் தெரிந்த முகம். சம்பந்தி வீட்டாரே இருந்தாலும் இருப்பார்கள்.

"நான் மூலையில குனிஞ்சு உக்காந்துக்கறனுங்க. நீங்க மறச்சாப்ல நின்னுக்கங்க."

ரயில் நின்றிருந்தபோதே சொல்லிவைத்துவிட்டாள்.

சீட்டில் துண்டு கிடந்தால் கலெக்டரே வந்தாலும் உட்கார முடியாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம். ஆயுசெல்லாம் அவரும் அப்படித்தான் இடம் பிடித்திருக்கிறார். குறி தப்பியதே இல்லை.

இன்றைக்குக் கையில் இருந்தது ஆஸ்பத்திரி ஃபைல் மட்டும்தான். ஜன்னல்வரை தூக்கிவிட்டார். மனசு கேட்கவில்லை. இதைப் போட்டா அவளுக்கு இடம் பிடிப்பது? கையை இறக்கிக்கொண்டார்.

அவளைத் தூணோரம் உட்காரவைத்துவிட்டுப் படியில் முட்டிய கூட்டத்துக்குள் புகுந்தார்.

ஒரு முழங்கை நெஞ்சில் இடித்தது. படியில் வைத்த கால் நழுவியது. அவராக ஏறவில்லை, கூட்டம் ஏற்றிவிட்டது.

உள்ளே எங்கே பார்த்தாலும் துண்டு. துண்டு இல்லாத இடத்தில் கூடை. ஒரு சீட்டில் குடை கால் நீட்டிப் படுத்திருந்தது.

நடுவில் ஒரே ஒரு சீட், இரண்டு பேர் உட்காருவது, காலியாகத் தெரிந்தது. அதற்கும் அவருக்கும் நடுவில் ஏழெட்டுப் பேர். ஒரு இளந்தாரி அதை நெருங்கிவிட்டான்.

"தம்பி" என்றார். அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் பூப்போலக் கூட்டிவந்து கடைசியில் அவளை நிற்கவைக்கப் போகிறோமே. அழுகை முட்டியது. நல்லவேளை, அந்த நெரிசலில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போது ஜன்னல் வழியாக ஒரு துண்டு வந்து அந்தச் சீட்டில் விழுந்தது.

பச்சைக் கரை போட்ட துண்டு.

முடிச்சுப் போட்ட சுருக்கம் அதில் இன்னும் அப்படியே இருந்தது.

இளந்தாரி சண்டைக்கு வாயைத் திறந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பார்த்தவன் ஒதுங்கிக்கொண்டான்.

"ஏனுங்க!" வெளியிலிருந்து அவள் குரல். ஊரே கேட்கிற மாதிரி. "மொதல்ல நீங்க உக்காருங்க. பாத்துட்டுத்தான் இருக்கறன், காலு நடுங்குதுல்ல உங்களுக்கு!"

உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

அவள் மெதுவாக ஏறினாள். அத்தனை நெரிசலிலும் அவளுக்கு வழி கிடைத்தது. பஸ் முழுக்கப் பார்த்தது. பிறகு பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டது.

அவரைத் தாண்டி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்ததும் அவரும் பார்த்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சம் முடி. காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. காதுகுத்துக்கு மொட்டை போட்ட குழந்தை மாதிரி இருந்தாள்.

கண்டக்டர் விசில் ஊதினார்.

அவர் துண்டை எடுத்து உதறி, மடித்து, அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. ஜன்னலைத் திறக்கக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். பாதியில் இறுகிக்கிடந்தது. இரண்டு கையாலும் தள்ளி முழுக்க ஏற்றிவிட்டுத்தான் திரும்பினாள்.

"உங்க தோள்லயே கெடக்கட்டும். படகுல முன்னால எடம் புடிக்கோணுமல்ல."